பாவித்த பில்லர் ட்ரில்: பஞ்சிகாவத்தையில் வாங்கி வெள்ளவத்தையில் பூட்டியது

வீட்டுப் பட்டறைக்குப் பாவித்த பில்லர் ட்ரில் (தூணில் பூட்டிய துளைபோடும் மிசின்) தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரில் அடித்திருக்கும் தகட்டை. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளிலும் இக்மன் இணைய விளம்பரங்களிலும் வரும் கனமான வார்ப்பிரும்பு மிசின்களில் ஜப்பானில் ஓடி வந்தவையும் உண்டு. அவற்றின் தகட்டில் 200 வோல்ட், த்ரீ ஃபேஸ் (மும்முனை மின்சாரம்) என்று இருக்கும். நம் வீடுகளில் இருப்பதோ 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் (ஒருமுனை). த்ரீ ஃபேஸ் என்றதும் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால் அந்த மிசின்களுக்கு விலை பேச இடம் இருக்கிறது. மெல்லிய தகரமும் ஒடுங்கிய தூணுமாக வரும் புது மலிவு மிசினை விட, நாற்பது வருடம் போன வார்ப்பிரும்பு மிசின் நேராகத் துளை போடும் என்பது என் உறுதியான கருத்து. தூண் வளையாததுதான் காரணம்.

த்ரீ ஃபேஸ் மோட்டாரை வீட்டில் ஓட்ட வழி ஒரு வி.எஃப்.டி. டிரைவ், அதாவது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையும் வேகத்தையும் மாற்றித் தரும் மின்னணுப் பெட்டி. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் உள்ளே போய், அதே அளவு த்ரீ ஃபேஸ் வெளியே வரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஜப்பான் மோட்டாருக்கு 200 வோல்ட் போதும் என்பதால் இது நன்றாகப் பொருந்துகிறது. ஐரோப்பிய, இந்திய மோட்டார் என்றால் தகட்டில் 230/400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெர்மினல் பெட்டியில் ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (சுருள்களை இணைக்கும் இரு முறைகள்) இணைப்பை மாற்றி ஓட்டலாம். 400/690 என்றிருந்தால் இந்த டிரைவில் அதற்கு வலு வராது. ஜப்பான் 200 வோல்ட் மோட்டாரை இங்குள்ள 400 வோல்ட் த்ரீ ஃபேஸில் நேரடியாகக் கொடுத்தால் சுருள் எரிந்துவிடும். கடையில் சில நேரம் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு சிங்கிள் ஃபேஸில் சுற்றிக் காட்டுவார்கள். சும்மா சுற்ற அது போதும். பெரிய பிட் போட்டு அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும், சூடும் ஏறும். அந்த ஓட்டத்தைப் பேரிங் சத்தம் கேட்க மட்டும் பயன்படுத்துங்கள்.

மோட்டாருக்கு அடுத்தது குவில், அதாவது கைப்பிடியைச் சுற்றும்போது இறங்கும் உருளை. அதை முழுதாக இறக்கி, சக்கை (பிட்டைக் கவ்வும் பகுதி) பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். மேசையில் காந்தக் கால் வைத்த டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) ஸ்பிண்டில், அதாவது சுழலும் தண்டின் முனையில் தொட வைத்தால் ஆட்டம் எண்ணாகத் தெரியும். 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் யோசியுங்கள். சில மிசின்களில் தலையின் (மோட்டாரும் ஸ்பிண்டிலும் இருக்கும் மேல்பகுதி) வார்ப்பைக் கீறி, இறுக்கும் போல்ட் வைத்திருப்பார்கள். அதில் ஆட்டத்தைக் குறைக்கலாம். கீறல் இல்லாத தலையில் துளையே தேய்ந்திருந்தால் வீட்டில் திருத்த வழியில்லை.

பிறகு சக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மோர்ஸ் டேப்பர் (சக் செருகும் கூம்புத் துளை) உள்ள ஸ்பிண்டில் என்றால் பக்கத்தில் நீள்துளை இருக்கும், அதில் ஆப்பை வைத்து மெதுவாகத் தட்டினால் சக் இறங்கும். டோர்ச் அடித்து டேப்பரின் உட்புறத்தைப் பாருங்கள். பிட் உள்ளேயே சுழன்று கீறியிருந்தால் வட்டக் கோடுகள் தெரியும். மேலெழுந்த பிசிறு மட்டும் என்றால் அதே அளவு ரீமரை (துளையின் உட்புறத்தைச் சீராக்கும் கருவி) கையால் சுற்றி எடுக்கலாம். ஆழமான கீறல் என்றால் சக் பிடித்து நிற்காது. டேப்பருக்குள் டயல் வைத்துக் கையால் சுற்றும்போது முள் 0.03 மி.மீ. வரை மட்டும் அசைந்தால் நல்ல மிசின். சக் கோணலாகச் சுற்றுவதை மட்டும் பார்த்து மிசினை ஒதுக்க வேண்டாம். பழைய சோனகத் தெருவில் புது சக் வாங்கிவிடலாம், புது ஸ்பிண்டில் கிடைக்காது.

மேசையில் துளைகள் விழுந்திருப்பது அழகுக் குறைதான், வேலைக்குத் தடையில்லை. ஆனால் மேசையைத் தாங்கும் கை வெடித்து வெல்டிங் பிடித்திருந்தால் நான் எடுக்க மாட்டேன். ஆகக் குறைந்த வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 1420 சுற்று ஓடும். மோட்டார் புல்லி 50 மி.மீ., ஸ்பிண்டில் புல்லி 150 மி.மீ. என்றால் கிடைப்பது ஏறக்குறைய 470. மெல்லிரும்பில் 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்று, 20 மி.மீ.க்கு 400 போதும். 20 மி.மீ. துளை போட நினைப்பவருக்கு 700க்குக் கீழே இறங்காத மிசின் உதவாது.

முழுதாக லொறியில் நிறுத்திக் கொண்டுவருவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. பாரம் முழுவதும் தலையில் இருப்பதால் ஒரு வளைவில் சாய்ந்துவிடும். கடை வாசலிலேயே பிரித்தோம். முதலில் பெல்ட், பிறகு மோட்டார். மோட்டார் போனாலே தலையின் பாரம் கணிசமாகக் குறையும். இறக்கும் கைப்பிடிகளைத் திருகிக் கழற்றவும், இல்லாவிட்டால் முதலில் வளைவது அவைதான். குவிலை மேலே இழுக்கும் சுருள் ஸ்பிரிங் உள்ள மூடியை மட்டும் தொடாதீர்கள். அது விரலைக் கிழிக்கும் வேகத்தில் அவிழும்.

அடுத்து மேசையைத் தலைக்குக் கீழே உயர்த்தி, நடுவில் மரக்கட்டை வைத்து இறுக்கிப் பூட்ட வேண்டும். அதன் பிறகே தலையின் பக்கத் திருகுகளைத் தளர்த்தலாம். தலையை இடமும் வலமுமாகத் திருப்பியபடி இருவர் மேலே தூக்கினால் கழன்றுவிடும். துருப்பிடித்து இறுகியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். வார்ப்பிரும்பில் சுத்தியல் அடித்தால் வெடிக்கும். மேசையும் அதை ஏற்றி இறக்க உதவும் பல்சட்டமும் தூணின் மேல்வழியாக ஒன்றாக வரும், மேசைக் கைக்குள் இருக்கும் வேர்ம் கியர் அப்போது கீழே விழப் பார்க்கும், ஒருவர் கையேந்தி நிற்க வேண்டும். கடைசியாகத் தூணை அடித்தட்டிலிருந்து கழற்றினால் எல்லாத் துண்டும் இருவர் தூக்கும் அளவில் இருக்கும்.

ஏற்ற டிமோ பட்டா (சிறிய லொறி) ஒன்றே போதும். பகலில் பஞ்சிகாவத்தையில் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், காலையில் கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தூக்க நாட்டாமிமார் இருவரைப் பிடித்துக்கொண்டால் முதுகு தப்பும். தலையைப் பழைய டயர் ஒன்றின் மேல் படுக்க வைத்து, வார்ப்பில் பட்டி போட்டு இறுக்க வேண்டும். ஸ்பிண்டிலில் கயிறு கட்டவே கூடாது.

வீட்டில் டைல்ஸ் தரை என்றால் 18 மி.மீ. பிளைவூட் விரித்து அதன் மேல் நிறுத்துங்கள். ஆடாமல் இருக்க அடித்தட்டை 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் கொங்கிரீட்டில் பிடிப்பது நல்லது. வெள்ளவத்தை, தெஹிவளை போலக் கடல் பக்கம் இருப்பவர்கள் தூணிலும் குவிலிலும் மேசையிலும் எண்ணெய் பூசாமல் விடக்கூடாது. உப்புக் காற்று பளபளப்பான இரும்பை விரைவாகத் தின்றுவிடும்.

டிரைவை இணைக்கும் முன் மோட்டார் சுருளுக்கும் உடலுக்கும் இடையில் 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் ஈரம் ஏறியிருக்கலாம், மூடியைத் திறந்து பக்கத்தில் சூடான பல்பு எரியவிட்டுக் காயவைத்து மறுபடி அளக்கவும். டிரைவில் வோல்ட் (ஜப்பான் மோட்டாருக்கு) 200, அடிப்படை அதிர்வெண் 50, தகட்டில் உள்ள ஆம்பியர் ஆகியவற்றைப் பதிய வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்காதீர்கள், ஓடும்போது அதைத் திறந்தால் டிரைவ் எரியலாம். ஸ்டார்ட், ஸ்டொப் பொத்தான்களை டிரைவின் கட்டுப்பாட்டு முனைகளுக்கே கொடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும்.

எர்த் வயரைக் கட்டாயம் பூட்டுங்கள். டிரைவ் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எர்த்தைக் கழற்றிச் சமாளிக்க வேண்டாம். டிரைவின் உள் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டமே பெரும்பாலும் காரணம். கசிவு குறைந்த ஃபில்டர் உள்ள டிரைவ், அல்லது டிரைவுக்கு ஏற்ற வகை ட்ரிப் சுவிட்ச் கொண்ட தனி வயரிங் போட்டால் நிற்கும். வேகத்தைக் குறைக்க டிரைவை மட்டும் நம்பி 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகும், சூடு வெளியேறாது. பெரிய பிட்டுக்கு பெல்ட்டைத்தான் மாற்ற வேண்டும்.