மிச்சிகன் ஏரியில் கெண்டை தேடி: பீவர் தீவுப் பயணம்

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் வடபகுதியில் உள்ள பீவர் தீவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் கோடை ஓய்வுக்காகச் செல்கிறார்கள். நாங்கள் நால்வரும் கெண்டை மீன் பிடிக்கச் சென்றோம். அதுவும் புழுவோ மாவுருண்டையோ கோத்த தூண்டிலால் அல்ல, இறகும் உரோமமும் நூலும் சேர்த்து முள்ளின்மேல் கட்டிய போலி இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் முறையில். ட்ரவுட், சால்மன் போன்ற மீன்களை முன்னிட்டு வளர்ந்த இந்த முறையைக் கெண்டையிடம் காட்டுவது நெடுங்காலம் கேலிக்குரியதாகவே இருந்தது. இன்று அதற்கென்றே இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஷார்லவாய் என்ற கரையோர ஊரிலிருந்து படகு புறப்படுகிறது. சுமார் 50 கிலோமீட்டர் நீர்வழியைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. மிச்சிகன் ஏரியிலுள்ள தீவுகளில் இதுவே பெரியது. நீளம் 21 கிலோமீட்டர் அளவு. 1850இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற மதத்தலைவர் இங்கே மன்னராக முடிசூட்டிக்கொண்டார் என்பதையும், 1856இல் அதிருப்தியுற்ற சொந்தச் சீடர்களாலேயே சுடப்பட்டார் என்பதையும் எங்களில் மூத்தவர் படகிலேயே விரிவாகச் சொல்லி முடித்தார். தீவில் இறங்கிய பிறகு மன்னரைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் காற்றைப் பற்றியும் நீரின் வெப்பநிலையைப் பற்றியுமே இருந்தது.

அமெரிக்காவில் கெண்டை தானாக வந்த மீன் அல்ல. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் தாங்கள் அறிந்த மீன் இங்கும் வேண்டுமென்று கேட்டார்கள். ஸ்பென்சர் பேர்ட் தலைமையிலான அமெரிக்க மீன்வள ஆணையம் 1877இல் ஜெர்மனியிலிருந்து கெண்டைகளைத் தருவித்துக் குளங்களில் வளர்த்து, பிறகு குஞ்சுகளை ரயில் மூலம் நாடெங்கும் அனுப்பியது. சில பத்தாண்டுகளுக்குள், விரும்பி வரவழைக்கப்பட்ட அதே மீன் சேற்றைக் கலக்குவது, நீர்த்தாவரங்களை வேரோடு பிடுங்குவது என்ற குற்றச்சாட்டுகளுடன் வேண்டாத மீன்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அந்தக் குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. ஆனால் வேண்டாத மீன் என்று பெயர் வாங்கியதால் அது எளிதில் ஏமாறும் மீன் என்றும் பலர் நினைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணத்தோடு தூண்டிலைத் தூக்கிக்கொண்டு இங்கே வருபவரைக் கெண்டை அரை மணி நேரத்தில் திருத்திவிடும்.

பீவர் தீவைச் சுற்றியுள்ள நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1980களின் இறுதியில் கடல்கடந்து வந்த சரக்குக் கப்பல்கள் நிலை சாயாதிருக்க அடியில் நிரப்பிக்கொள்ளும் அடிப்பாரத் தண்ணீரோடு ஜீப்ரா மட்டிகள், மிச்சிகன் உள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நுழைந்தன; அவற்றைத் தொடர்ந்து குவாகா மட்டிகளும் வந்தன. இவை நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்பவை. கோடிக்கணக்கில் பெருகியபோது ஏரியின் நுண்ணுயிர்கள் குறைந்தன, நீர் தெளிந்தது, பூர்வீக மீன்கள் பலவற்றுக்கு உணவு சுருங்கியது. 1990 வாக்கில் ரவுண்ட் கோபி என்ற சிறிய உளுவை இன மீனும் அதே வழியில் வந்து சேர்ந்தது. தொண்டைக்குள் இருக்கும் அரைக்கும் பற்களால் மட்டியையும் நண்டினத்தையும் நொறுக்கக்கூடிய கெண்டைக்கு இந்தப் புதிய விருந்தாளிகள் கொழுத்த இரையாயினர். ஆக, வெளியிலிருந்து வந்த மீன் ஒன்று, வெளியிலிருந்து வந்த இரையைத் தின்று, வெளியிலிருந்து வந்த மட்டி தெளியவைத்த நீரில் கொழுத்து நீந்துகிறது. ஏரியின் நலனை எண்ணும் எவரும் இதைக் கொண்டாட மாட்டார். ஆனால் பத்துக் கிலோ கெண்டை ஒன்று இடுப்பளவு நீரில் மணல்மேல் நகர்வதை முழு உருவமாகப் பார்க்கக் கிடைப்பதும் இதனால்தான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்பது அடி நீளமுள்ள எட்டாம் எண் கோல் (எண் கூடக் கூடக் கோலின் வலு கூடும்), மிதக்கும் நூல், அதன் நுனியில் பத்துப் பன்னிரண்டு அடிக்கு, நீரில் எளிதில் தெரியாத ஃப்ளோரோகார்பன் இழை, கெண்டை பாய்ந்தோடும்போது விட்டுக்கொடுக்க ரீலில் முதன்மை நூலுக்குப் பின்னால் சுற்றிவைக்கும் தாராளமான பின்நூல் ஆகியவை போதும். முள்ளின் தலைப்பகுதியில் சிறு உலோகக் குண்டுகளைக் கட்டினால் இரை மூழ்குவதோடு, முள்ளின் கூர் மேல்நோக்கித் திரும்பிக்கொள்ளும், கற்களில் சிக்காது. நிறம் ஆலிவ், பழுப்பு, துருநிறம் என்று ஏரித்தரையோடு ஒத்துப்போவதாக இருந்தால் நல்லது. கோலைவிட முக்கியமானது, நீரின் பளபளப்பைக் குறைத்துக் காட்டும் போலரைஸ்டு கண்ணாடி. அது இல்லாமல் வருபவர் கோலையும் கொண்டுவர வேண்டியதில்லை.

ஏனெனில் இங்கே வேலையில் பெரும்பகுதி பார்ப்பதுதான். மற்ற தூண்டில்களில் நீரில் இரையைப் போட்டுவிட்டு மீனுக்காகக் காத்திருக்கலாம். இங்கே முதலில் மீனைக் காண வேண்டும். கண்ட மீன் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகே வீச வேண்டும். வேகமாக நீந்திச் செல்லும் கெண்டை எதையும் தின்னாது. அதன் பின்னால் வீசுவது வீண். நீரின் மேல்மட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டு அசையாமல் நிற்பது பெரும்பாலும் எதையும் பொருட்படுத்தாது. நாணல் ஓரங்களில் கூட்டமாக நீரை அடித்துக்கொண்டு துரத்திக்கொள்பவை முட்டையிட வந்தவை. அவற்றை விட்டுவிடுவதே முறை. தலையைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, தரையைக் கிளறிப் புகைபோல மண் எழுப்புகிறதே, அதுதான் நமக்கான மீன். மெதுவாக, தலையைச் சற்றே இருபுறமும் அசைத்தபடி மேய்ந்து வருவது அதற்கு அடுத்தது.

இதை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் நண்பர்களோடு செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான தூண்டில் முறையை நான் கண்டதில்லை. வீசுபவர் படகின் முன்னணியத்தில் தாழ்வாக நிற்கிறார். அவர் கண்ணுக்கு நீரின் பளபளப்பே அதிகம் தெரியும். பின்னால் உயரமான மேடையில் நின்று நீண்ட கோலால் தரையை ஊன்றிப் படகை நகர்த்துபவருக்கோ ஏரித்தரை விரிந்து தெரியும். எனவே மேலிருப்பவர் கண்ணாகவும் கீழிருப்பவர் கையாகவும் இருக்க வேண்டும். படகின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் திசையும் அடிக்கணக்கில் தொலைவும் சொல்வது வழக்கம். நால்வரும் முறைவைத்து இடம் மாறிக்கொண்டோம். கடைசியில் மேடையில் நிற்கும் முறைக்குத்தான் போட்டி இருந்தது. வீசுபவர் ஒரு மீனைப் பார்க்கிறார். மேடையில் இருப்பவர் ஏரியையே பார்க்கிறார்.

ஹாக் தீவை ஒட்டிய ஆழமற்ற திட்டு ஒன்றில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். முற்பகல் வெயில் முதுகுப்புறம் விழ, நான் மேடையில் நின்றேன். எங்கள் குழுவிலிருந்த தோழி முன்னால் கோலுடன் நின்றார்.

“பதினொரு மணி, அறுபது அடி. வலப்பக்கமா வருது.”

“எனக்குத் தெரியல. அங்க ஒரு கல்லு இருக்கு, அவ்வளவுதான்.”

“அந்தக் கல்லுக்கு வால் இருக்கு பாரு.”

அவர் பார்த்துவிட்டார். இந்த நேரத்தில் செய்யத் தோன்றுவது, மீனின் மூக்கருகே இரையைப் போடுவது. அது கூடவே கூடாது. கெண்டையின் காற்றுப்பையையும் உட்காதையும் சிறு எலும்புத் தொடர் ஒன்று இணைக்கிறது. காற்றுப்பை வாங்கும் அதிர்வு அப்படியே காதுக்குப் போய்ச் சேர்வதால், மிகப் பல மீன்களைவிட அதன் செவிப்புலன் கூர்மையானது. உலோகக் குண்டு கட்டிய இரை தலைமேல் ‘தொப்’பென்று விழுந்தால் அது விலகுவதோடு நில்லாது, பாய்ந்தோடும் வேகத்தில் பக்கத்திலுள்ளவற்றையும் கிளப்பிக்கொண்டு போய்விடும். ஆகவே தோழி மீனுக்கு அப்பாலும் முன்னாலுமாக ஆறடி தள்ளி வீசினார். கோலை உயர்த்தி, இரை நீரின் மேற்பரப்பிலேயே ஊர்ந்து வரும்படி இழுத்தார். மீனின் பாதைக்கு நேராக வந்ததும் கோலைத் தாழ்த்தி அதை அப்படியே மூழ்கவிட்டார். ஒரு தட்டளவு வட்டத்துக்குள் அது விழ வேண்டும். தள்ளி விழுந்தால் மேய்ந்துகொண்டிருக்கும் கெண்டை திரும்பிக்கூடப் பார்க்காது.

அடுத்த கட்டத்தைத்தான் ஏனைய தூண்டில்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். கெண்டை கடிப்பதில்லை, உறிஞ்சுகிறது. தாடையில் பல் இல்லாத, கீழ்நோக்கிக் குழல்போல நீளும் வாயால் இரையை உள்ளிழுத்து, பிடிக்காவிட்டால் நொடிப்பொழுதில் வெளியே துப்பிவிடும். நூலில் ஓர் அசைவும் தெரியாது; கையில் எதுவும் உணரப்படாது. கையின் உணர்வை நம்பிக் காத்திருப்பவருக்கு மீன் வந்ததும் போனதும் தெரியாமலே போகும். அதனால் மீனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்: செவுள் மூடி விரிகிறதா, உடல் சற்றே முன்நகர்ந்து நிற்கிறதா, தலை தாழ்கிறதா, வால் ஒரு நடுக்கம் கொள்கிறதா? மேடையிலிருந்து எனக்கு அந்தத் தலை தாழ்ந்தது தெரிந்தது. “இப்போ” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவரும் அதைக் கண்டு, கோலைத் தூக்காமல், இடக்கையால் நூலை நேராக இழுத்து முள்ளைப் பதித்துவிட்டார். கோலைத் தூக்கியிருந்தால், மீன் வாங்காதபோது இரை நீரைவிட்டுத் துள்ளிப் பறந்திருக்கும். கையால் இழுத்தால் சிறிதே நகர்ந்து நிற்கும், கெண்டை இன்னொரு முறை பார்க்கவும் வாய்ப்புண்டு.

பிறகு நடந்த ஓட்டம் வர்ணனைக்கு வசதியானது. அதனாலேயே அதை வர்ணிக்கத் தயக்கமாக இருக்கிறது. ரீலிலிருந்து பின்நூல் வரை வெளியேறியது. ஆழத்தை நோக்கி ஓடிய மீனைத் திருப்புவதற்காகப் படகையும் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தது. கைவலைக்கு அருகே வந்தபின் மீண்டும் இருமுறை ஓடியது. பொன்னிறச் செதில்கள் ஒவ்வொன்றும் கருவிளிம்போடு தனித்தனியே தெரிந்தன. வாயோரத்து மீசைகள் இரண்டு பக்கமும் துடித்தன. முள்ளின் கூரருகே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை முன்பே நசுக்கியிருந்ததால் எளிதில் கழன்றது. நனைத்த கையால் பிடித்து, நீருக்குள்ளேயே வைத்து ஒரு படம் எடுத்து, விட்டுவிட்டோம். மூத்தவர் உடனே வழக்கமான விவாதத்தைத் தொடங்கினார்: இந்த மீன் கண்டவருடையதா, வீசியவருடையதா? கண்டவருடையது என்பது என் கட்சி. நான் மேடையில் இருந்தபோது மட்டும் இந்தக் கட்சியை எடுப்பதாகத் தோழி கூறுவதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

இங்குள்ள கெண்டைகளிடம் கவனித்த இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். குளத்துக் கெண்டைகள் பெரும்பாலும் அசையாத இரையையே நம்பும். இங்குள்ளவை கோபி மீன்களைத் துரத்தித் தின்னப் பழகியவை. சில மீன்கள் தரையில் கிடந்த இரையை அலட்சியம் செய்தன. அதையே இரண்டு அங்குலம் வெட்டி இழுத்ததும் திரும்பிப் பாய்ந்து வந்தன. எல்லாம் அப்படியல்ல; அதே இழுப்பைக் கண்டு மிரண்டவையும் உண்டு. எது எந்த மனநிலையில் வருகிறது என்பதை மேடையிலிருப்பவர் நீந்தும் வேகத்தைக் கொண்டு ஊகித்துச் சொல்வார். ஊகம் பொய்க்கும்போது அவரையே குறை சொல்லலாம் என்பதும் கூட்டாக வருவதிலுள்ள ஒரு வசதி.

காற்று மாறிய நாளன்று நிலைமை தலைகீழானது. கெண்டைகள் கரையோரம் வருவதே அங்கே நீர் வெதுவெதுப்பாக இருப்பதால்தான். கரையிலிருந்து ஏரிப்பக்கமாகக் காற்று வீசத் தொடங்கினால் மேல்மட்டத்து வெந்நீர் வெளியே தள்ளப்பட்டு, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி அந்த இடத்தை நிரப்பிவிடும். முந்தைய நாள் மீன்கள் நிறைந்திருந்த திட்டில் மறுநாள் காலை வெறும் மணல். வெப்பமானியை இறக்கிப் பார்த்ததும் காரணம் விளங்கியது. வழிகாட்டியாக வந்தவர் சற்றும் கலங்காமல், காற்று நீரைக் குவிக்கும் எதிர்ப்பக்கத்து விரிகுடாவுக்குப் படகைத் திருப்பினார். அங்கே வெதுவெதுப்பு இருந்தது, மீன்களும் இருந்தன. ஆனால் அலையும் மேகமும் சேர்ந்து நீரை ஈயத்தகடாக்கிவிட்டதால் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. படகை விட்டிறங்கி, பக்கத்துக்கு ஒருவராகப் பரவி, முழங்காலளவு நீரில் மெல்ல நடந்தோம். ஒருவர் கண்ட நிழலை மற்றவருக்குக் கைச்சைகையால் காட்டி வீசச் செய்ததில் இரண்டு மீன்கள் கிடைத்தன.

செல்ல விரும்புபவர்கள் ஜூன், ஜூலை மாதங்களைக் கணக்கில் கொள்ளலாம். காற்றுக்கென்று ஓரிரு நாள்களை உதிரியாக வைத்துக்கொள்வது நல்லது. 17 வயது நிரம்பியவர்களுக்கு மிச்சிகன் மாநில மீன்பிடி உரிமம் கட்டாயம், புறப்படுமுன் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது காலணிகளையும் வலைகளையும் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்த பிறகே வேறு நீர்நிலையில் இறங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத மட்டிக் குஞ்சுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடும்.