தோட்ட ரயிலுக்கு மரம் வளைத்தல்: அரைவட்டம் முடிந்தது

எங்கள் பெங்களூரு வீட்டின் பின்புறத் தோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ இரண்டடி சரிவதால், அங்கே ஓடவிருக்கும் மாதிரி ரயிலுக்கான தண்டவாளத்தைத் தரையிலேயே போட வழியில்லை. கால்கள் நட்டு, மரச்சட்டத்தின் மேல் பாதையைக் கொண்டுபோவதென்று தொடங்கிய வேலையில், கொய்யா மரத்தைச் சுற்றித் திரும்பும் அரைவட்டம் இப்போது முடிந்திருக்கிறது. பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி, 45 மி.மீ. ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜை (ஒரு மீட்டர் இடைவெளி) 22.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். அங்கே 12-க்கு 1 என்ற ஏற்றத்தைப் பல்சக்கரம் சமாளிக்கிறது. எனக்கு அது இல்லாததால் 50-க்கு 1 என்பதைத் தாண்டவில்லை.

அகலப் பலகையில் வளைவை வரைந்து அறுத்தால் மரம் வீணாவதோடு, வரியோட்டம் (மரத்தின் நார் ஓடும் போக்கு) குறுக்கே அறுபட்டு அந்த இடம் பலவீனமாகிவிடும். அதனால் 40 மி.மீ. உயரமும் 10 மி.மீ. கனமும் கொண்ட தேக்குப் பட்டைகளை மைசூர் ரோடு மர மண்டியில் அறுத்து வாங்கினேன். "முடிச்சு இல்லாம, வரி நேரா ஓடுறதாப் பாத்து எடுங்க சார்" என்று அறுப்பவர் சொன்னது முழு உண்மை. வரி சாய்வாக ஓடி விளிம்பில் வெளியேறும் பட்டை, வளைக்கும்போது அந்த இடத்தில்தான் சிலும்பெடுக்கிறது.

ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு நீராவி தேவைப்படவில்லை. கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால், இந்தக் கனத்தில் பட்டை கையாலேயே வளைகிறது. சட்டம் ஏணிபோல இரண்டு பட்டைகளும் இடையில் கட்டைகளும் கொண்டது. உள்பட்டையைக் கால்களில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, 60 மி.மீ. நீளக் கட்டைகளை இடையில் வைத்து வெளிப்பட்டையை அணைத்துத் திருகினேன். பட்டைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 70 மி.மீ. இருப்பதால், அரைவட்டத்தில் வெளிப்பட்டை 22 செ.மீ. கூடுதலாக ஓடும், ஆகவே வளைத்து முடிக்கும்வரை முனைகளை வெட்டவே கூடாது. கட்டைகள் ஏறியபின் பட்டைகள் ஒன்றையொன்று கடந்து நகர முடியாதபடி பூட்டிக்கொள்வதால், கிளாம்பைக் கழற்றியபோது சட்டம் விரல் கனத்துக்குக்கூட விரியவில்லை. பட்டை இணைப்புகள் இரு பக்கமும் எதிரெதிரே வராமல் தள்ளித் தள்ளி அமைய வேண்டும். ஒரே இடத்தில் வந்தால் அங்கே வளைவு சீராக ஓடாமல் முனைபோல மடங்கிவிடும்.

இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் நுழையும் இடம். அங்கே முதல் சில கால்களில் பட்டையை இறுக்காமல் விட்டால், அது தானாகவே மெல்ல மெல்ல வளைவைக் கூட்டிக்கொள்கிறது. பெரிய ரயில்வேயில் கணக்குப் போட்டு அமைக்கும் மாறுவளைவை இங்கே மரமே போட்டுத் தந்துவிடுகிறது.

கரையானுக்கு அஞ்சி மரம் மண்ணைத் தொடாதபடி பார்த்துக்கொண்டேன். கால்கள் கான்கிரீட் நிரப்பிய பி.வி.சி. குழாய்கள். அடுத்தது தண்டவாளம் பதிப்பது. மூன்று மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளுமாதலால், ஸ்லீப்பர்களை (தண்டவாளத்தின் அடியில் வரும் குறுக்குக் கட்டைகள்) ஆங்காங்கே மட்டும், அதுவும் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியே பொருத்தப்போகிறேன்.