உப்புவெளியில் ஓர் ஒத்திகை

இலங்கையில், திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முதுகில் 17 கிலோ இருந்தது. பதினொரு மணி வெயில். கடற்கரைப் பக்கம் போகும் மணல் ஒழுங்கையில் பத்து நிமிடம் நடந்ததற்கே இடது தோள் மரத்துப் போய்விட்டது. தங்குமிட வாசலில் நின்ற அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"என்ன பிள்ளை, வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திட்டீங்களோ?"

நான் திருச்சிக்காரி. வயது 27. ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் வேலை. ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா, அதாவது 462 என்ற எண்ணில் வரும் விசா, 2024இல்தான் இந்தியர்களுக்குத் திறந்தது. 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 1000 பேருக்கு மட்டும் இடம். 25 டாலர் கட்டிப் பதிந்தால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். எனக்கு வந்தது. விசாவும் கிடைத்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கே போய் இறங்க வேண்டும், இறங்கிய நாளிலிருந்து 12 மாதம் இருக்கலாம், வேலை பார்க்கலாம், சுற்றலாம்.

"லீவுக்குப் போறியா, வேலைக்குப் போறியா?" என்று அப்பா மூன்று முறை கேட்டார். இரண்டுக்கும்தான் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குமே அது முழுதாகப் பிடிபட்டிருக்கவில்லை. ஒரு வருடம் ஒற்றைப் பையோடு வாழப் போகிறேன், ஆனால் அதுவரை வீட்டை விட்டுத் தனியாகப் பத்து நாள்கூட இருந்ததில்லை. அதனால் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் திருகோணமலை. வேற்று நாட்டுக் காசு, தெரியாத ஊர், ஆனால் தடுமாறினால் தமிழில் கேட்கலாம். போக்குவரத்தைத் தவிர்த்துப் பத்து நாளுக்கு 60,000 இலங்கை ரூபாய். நாளுக்கு 6,000. அதற்கு மேல் போகக்கூடாது என்பதுதான் விதி.

முதல் நாளே 9,350 போய்விட்டது. அறைக்கு 3,500. கடற்கரை உணவகத்தில் மீனும் சோறும் 2,600. ஆட்டோவில் டவுனுக்குப் போய்வர 1,400. சிம் கார்டு 1,100. தண்ணீர் போத்தல், ஐஸ்கிரீம் என்று மீதி 750. பெரிதாக எதையும் அனுபவித்ததாக நினைவில்லை, ஆனால் ஒன்றரை நாள் காசு ஒரே நாளில் கரைந்திருந்தது. மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோறும் கறியும் 500 ரூபாய்க்கு, இரண்டாம் முறை சோறு கேட்டால் சும்மா போட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்: சுற்றுலாக்காரர்கள் சாப்பிடும் இடத்திலிருந்து ஊர்க்காரர்கள் சாப்பிடும் இடத்துக்கு நாலைந்து கிலோமீட்டர்.

இரண்டாம் நாள் இரவு விறாந்தையில் உட்கார்ந்து செலவு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் தன்னுடைய சி.ஆர். கொப்பியை, அதாவது கணக்கு நோட்டை, எடுத்து வந்தார். தடித்த அட்டை, முதுகில் சிவப்புத் துணி, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு பக்கமும் மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தது. அறைக் காசு எது வந்தாலும் அன்றைக்கே மூன்றாகப் பிரிந்துவிடும். ஒன்று அன்றாடச் செலவுக்கு. ஒன்று கூரை, தண்ணீர் மோட்டார், வங்கிக் கடன். மூன்றாவது பத்தியின் தலையில் 'மாரி' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இந்தக் கரையில் சீசன் என்றால் மே தொடங்கிச் செப்டம்பர் வரை. கடல் குளம் மாதிரி கிடக்கும். நவம்பரில் வாடைக்காற்று மழையோடு வந்தால் அலை ஏறிவிடும், அறைகள் காலி. "அஞ்சு மாசம் உழைச்சுத்தான் பன்னிரண்டு மாசம் சாப்பிடுறம் பிள்ளை" என்றார். பிறகு என் நோட்டைத் தட்டிக் காட்டிக் கேட்டார்: "அங்கை கொண்டுபோற காசு எத்தினை நாளைக்குக் காணும்?"

காணும் என்றால் இங்கே போதும் என்று அர்த்தம். அந்தக் கேள்வி எனக்குப் புதிது. நான் அதுவரை 'எவ்வளவு இருக்கிறது' என்றுதான் கூட்டிப் பார்த்திருந்தேன். விசாவுக்குச் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலர் கணக்கில் காட்ட வேண்டும், திரும்பி வருவதற்கான டிக்கெட் காசு அது போக. 5,000 டாலர் என்றால் கிட்டத்தட்ட 2 லட்சத்து 80 ஆயிரம் இந்திய ரூபாய். அது சேர்ந்துவிட்டது, எனவே தயார் என்று நினைத்திருந்தேன். எத்தனை நாளைக்கு என்று யோசிக்கவே இல்லை.

அக்காவின் தம்பி மெல்போர்னில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறார். அவரை அப்போதே வாட்ஸ்அப்பில் பிடித்துத் தந்தார். அங்கே பின்னிரவு. வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"வந்து இறங்கி அஞ்சாவது கிழமைதான் தங்கச்சி முதல் சம்பளம் கண்டனான்" என்றார். வேலை கிடைக்க மூன்று வாரம், பிறகு சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. வீட்டு அறை பிடிக்கும்போது நாலு வார வாடகையை 'பாண்ட்' என்று முன்பணமாகக் கேட்பார்கள், அது போக இரண்டு வார வாடகை கையில் வைக்க வேண்டும். மது பரிமாறும் இடத்தில் நிற்க ஆர்.எஸ்.ஏ. சான்றிதழ் எடுக்க வேண்டும். கறுப்புச் சப்பாத்து, கறுப்புக் காற்சட்டை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அறை வாரத்துக்கு 250 டாலர் என்று வைத்தால் முன்பணமும் முதல் இரண்டு வாரமும் சேர்ந்து 1,500. சான்றிதழ், உடுப்பு 250. மிச்சம் 3,250. ஹாஸ்டல் படுக்கை 300, சாப்பாடு 100, பயணமும் போனும் 80 என்று வாரத்துக்கு 480. வகுத்துப் பார்த்தால் 47 நாள். ஐந்து வாரம் சம்பளம் இல்லாமலே போகும் என்றால், எனக்கு மிச்சமிருப்பது 12 நாள். அதற்குள் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலோ, பேசிய வேலை கைநழுவினாலோ என்ன செய்வது? சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பிளேன் டீ ஊற்றிக் கொடுத்தார்.

வருமானப் பக்கத்தையும் சரியாகப் போட வேண்டும். 2025 ஜூலையில் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் 'கேஷுவல்' வேலைதான், சம்பளத்தோடு லீவு கிடையாது, அதற்கு ஈடாக 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். ஆக மணிக்கு 31 டாலர் சொச்சம். இந்த விசாவில் போகிறவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி. ஓய்வூதிய நிதிக்கு முதலாளி தனியாக 12 சதவீதம் கட்டுவார். நாட்டை விட்டுக் கிளம்பும்போது அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் 65 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சேமிப்பு என்று நான் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

தம்பியின் குரல் ஓர் இடத்தில்தான் மாறியது. அவர் முதலில் நின்ற சமையலறையில் 'பழகுற காலம்' என்று சொல்லி மணிக்குப் பத்து டாலர் கையில் தந்தார்களாம். மூன்று மாதம் ஓடியது. சட்டம் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. "நீங்கள் தெரிஞ்சுகொண்டு வாங்கோ" என்றார். பழத்தோட்டத்திலும் அப்படித்தான். 2022 ஏப்ரலிலிருந்து, கூடைக் கணக்கில் கூலி பேசினாலும் மணிக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகத்தில் முறையிடலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமென்றால், அங்கிருந்து 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். நாம் தமிழ்ப் பிள்ளைகள் 'பரவாயில்லை, முதல் வேலைதானே' என்று பல்லைக் கடித்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் மருத்துவம். அங்கே வருகிறவர்களுக்கு மெடிகேரில், அதாவது அந்நாட்டு அரசு மருத்துவத் திட்டத்தில், சலுகை தர ஆஸ்திரேலியா சில நாடுகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எனவே காப்பீட்டில் கஞ்சத்தனம் கூடாது. சாதாரணச் சுற்றுலாக் காப்பீடு பல சமயம் உடலுழைப்பில் படும் காயத்தை ஏற்காது, அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாளெல்லாம் பஸ்ஸும் நடையும். திருகோணமலைக் கோட்டைக்குள் ஏறிக் கோணேசர் கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் புள்ளிமான்கள், ஒன்று என் துணிப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்தது. சம்பந்தர் பாடிய மலை. பாறை விளிம்பில் நின்றால் கீழே கடல் கரும்பச்சையாகக் கொந்தளிக்கிறது. மாலைப் பூசை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம், ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. தோள்வலிக்கு அதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது.

புறாமலைத் தீவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் அதிகம், படகுக் கூலி வேறு. அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "காசு மிச்சம் பிடிக்கிறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" படகுக்குத்தான் கூலி, ஆளுக்கு இல்லை என்று அவரே இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டார். முழங்கால் ஆழத்திலேயே பவளப்பாறை. கொஞ்சம் தள்ளி, துடுப்பு நுனி கறுத்த ஒரு குட்டிச் சுறா என்னைக் கடந்து போனது, எந்த அவசரமும் இல்லாமல். அன்று இரவு என் கணக்கில் 'ஆசை' என்று நாலாவது பத்தி ஒன்று போட்டேன். ஆஸ்திரேலியக் கணக்கிலும் அது இருக்கிறது, மாதம் 100 டாலர், சம்பளம் வரத் தொடங்கிய பிறகு.

அக்காவிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவன் சொன்னதுதான் என் திட்டத்தையே மாற்றியது. இங்கே சீசன் முடிந்ததும் அவன் தென்கரைக்கு, மிரிஸ்ஸ பக்கம் போய்விடுவானாம். அங்கே டிசம்பரில் சீசன் தொடங்கும். ஏப்ரல் முடிந்தால் திரும்ப உப்புவெளி. "சீசனோட நடக்கவேணும் அக்கா, அப்பதான் வேலை இருக்கும்" என்றான். நான் செப்டம்பர் கடைசியில் மெல்போர்ன் போவதாக இருந்தேன், காரணம் விமான டிக்கெட் மலிவு என்பது மட்டும்தான். ஆஸ்திரேலியாவும் அவன் சொன்னது போலத்தான் இயங்குகிறது. தெற்கே கோடை டிசம்பரில், விக்டோரியாவிலும் டாஸ்மேனியாவிலும் செர்ரி அறுவடை அதையொட்டி. வடக்கே டார்வின் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழையில்லாக் காலம், சுற்றுலா வேலை அப்போதுதான். இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நிற்க முடியாது. ஆறு மாதம் தெற்கு, ஆறு மாதம் வடக்கு என்று பிரித்தால் அந்த விதியும் இடிக்கவில்லை. குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் தோட்ட வேலை போன்றவை செய்தால் இரண்டாம் ஆண்டு விசா கேட்கலாம் என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது.

அன்றைக்கே பயணத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளினேன். இரண்டு மாதச் சம்பளத்தில் 50 ஆயிரம் ஒதுக்க முடியும், ஸ்கூட்டியை விற்றால் 30 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 1,400 டாலருக்குக் கொஞ்சம் மேல். சமைத்துச் சாப்பிட்டு, இரண்டு பஸ் ஏறும் தூரத்தில் மலிவான படுக்கை பிடித்தால் வாரச் செலவு 400க்குள் அடங்கும். மறுபடி வகுத்தேன். 81 நாள்.

கடைசி நாள் விறாந்தையில் பையைக் கொட்டினேன். பத்து நாளில் தொடாததையெல்லாம் ஒரு பக்கம் குவித்தோம்: இரண்டு ஜீன்ஸ், தடித்த துவாய், ஹேர் டிரையர், மூன்று புத்தகம், குட்டிக் குக்கர். அக்கா வறுத்து இடித்த கறித்தூள் ஒரு பொட்டலம் கட்டி, மேலே ஒரு கொத்துப் பச்சைக் கறிவேப்பிலையும் வைத்தார், நவம்பரில் கொண்டுபோகச் சொல்லி. தம்பி போனிலேயே பதறினார். பச்சை இலை, விதை எதையும் ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள், தூள் என்றாலும் வருகை அட்டையில் 'உணவு இருக்கிறது' என்று எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். இலை அன்றைய பருப்புக் கறிக்குப் போயிற்று.

கடற்கரையில் மீன் நிறுக்கும் தராசில் பையைத் தொங்கவிட்டார் அக்காவின் கணவர். 11 கிலோ 300 கிராம்.

டவுனில் ஒரு புத்தகக் கடையில் அதே மாதிரிச் சிவப்பு முதுகு சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வவுனியா பஸ்ஸில் ஏறினேன். முதல் பக்கத்தில் கோடு போட்டேன். தேதி எழுதி, டிக்கெட் காசு எழுதினேன். கண்டக்டர் மிச்சக் காசு 20 ரூபாய் தர வேண்டியிருந்தது, அதையும் எழுதினேன். ஹொரவப்பொத்தானையில் அவரே கூப்பிட்டுத் தந்தார். அடித்துவிட்டேன்.