கிணற்றடிக் கற்பூரவள்ளியும் கிரேக்கச் சலட்டும்

02.02.2025, ஞாயிறு
ஏழு தக்காளிச் செடியும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாய்ப் பழுத்துவிட்டன. மூன்று நாளாய்த் தக்காளிக் குழம்புதான். அடுத்த ஞாயிறு பருத்தித்துறைச் சித்தப்பா வருகிறார், கிரேக்கக் கப்பலில் கனகாலம் இருந்தவர். "கிரேக்கச் சலட் செய்யட்டே?" என்று போனில் கேட்டேன். "செய் பிள்ளை. ஆனா சலாது இலை போட்டியெண்டா நான் தொடமாட்டன்" என்றார். அங்கே அதற்கு ஹொரியாத்திக்கி என்று பெயர், கிராமத்துச் சலட். தக்காளி, கெக்கரி, வெங்காயம், கறிமிளகாய், ஒலிவ், ஃபெற்றாச் சீஸ். மேலே ஒறிகானோ என்ற காய்ந்த வாசனை இலை, ஒலிவ் எண்ணெய். வேறு இலை தழை கிடையாதாம்.

04.02, செவ்வாய்
ஒறிகானோவுக்கு எங்கே போக? கிணற்றடிக் கற்பூரவள்ளியைக் கசக்கி மணந்தேன், கிட்டத்தட்ட அதே வாசம். இரண்டிலும் கார்வக்ரோல் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. காய்ந்த இலைதான் போடுவார்கள் என்று ஒரு பிடி ஆய்ந்து சுளகில் பரப்பி நிழலில் வைத்தேன்.

06.02, வியாழன்
காயவில்லை, கறுத்து அவிந்துபோய்க் கிடக்கிறது. அந்த இலை முழுக்கத் தண்ணீர் என்று யோசித்திருக்க வேண்டும். "சளிக்கு அவிக்கிற இலையை ஆர் காயவைக்கிறது?" என்று அம்மா கேட்டா. பச்சையாகவே இரண்டு இலை அரிந்து போட்டால் போதும்.

07.02, வெள்ளி
பக்கத்து வீட்டில் இரண்டு லீற்றர் ஆட்டுப்பால் வாங்கிக் காய்ச்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்தேன். வேட்டித் துண்டில் கட்டி, மேலே அம்மிக் குழவி பாரம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டி வந்தது. இப்போது ஆனையிறவு உப்புக் கரைத்த தண்ணீரில் கிடக்கிறது. இதை ஃபெற்றா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அது செம்மறிப்பாலில் செய்வது, ஆட்டுப்பால் 30 வீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது. 2002இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் கிரேக்கத்துக்கு மட்டும்தான்.

09.02, ஞாயிறு
முதல் கெக்கரி கசந்தது. போன கிழமை மோட்டர் பழுதாகி இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை, அதன் கோபம். காம்புப் பக்கம் இரண்டங்குலம் வெட்டி எறிந்து, தோலையும் தடிப்பாய்ச் சீவினேன். மிச்சம் பரவாயில்லை.

தக்காளியைப் பெரிய துண்டாய் வெட்டி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விட்டேன். தட்டின் அடியில் சிவப்பாய்ச் சாறு ஊறி நின்றது. எங்கள் சின்ன வெங்காயம் பச்சையாய்க் கொஞ்சம் உறைப்புத்தான், ஆனாலும் கழுவவில்லை. ஒலிவ் போத்தலும் எண்ணெயும் ரவுனில் வாங்கியவை, விலையை அம்மாவுக்குச் சொல்லவில்லை.

சீஸை உதிர்க்கப் போனேன். "உடைக்காதை, அப்பிடியே மேல வை" என்று சித்தப்பா கையைப் பிடித்தார். கட்டியின் மேல் கற்பூரவள்ளி, அதன் மேல் எண்ணெய். அவர் முதலில் மரக்கறியைத் தொடவேயில்லை. பாணைப் பிய்த்து அடிச்சாற்றில் தோய்த்தார். "பிரேயஸ் துறைமுகத்தில கப்பல் நிண்டா இதுக்குத்தான் அடிபடுறது. சீஸ் கொஞ்சம் றப்பர், பிள்ளை. உப்புச் சரி."

"தேங்காய்ப்பால் விடாத பச்சடி" என்றா அம்மா. ஒலிவ் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறா, தேசிக்காய் ஊறுகாய்க்காம். உள்ளே இன்னும் ஆறு ஒலிவ் கிடந்தன, அவை எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை.