மைன்கிராஃப்ட் மோட்: விசில் ஊதுவதற்கு முன் வந்த எரர்கள்

மைன்கிராஃப்டில் ஓநாயைப் பழக்கி வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஓர் இடத்தில் உட்கார வைத்தால், நாமே திரும்பிப் போய்க் கிளிக் செய்யும் வரை அது அசையாது. விசில் ஊதினால் சுற்றுவட்டத்தில் உட்கார்ந்திருக்கும் என் ஓநாய்கள் எல்லாம் எழுந்துவிட வேண்டும் என்பது ஆசை. அதற்குத்தான் இந்த மோட், அதாவது கேமில் விசில் என்ற புதுப் பொருளைச் சேர்க்கும் கூடுதல் நிரல். கேம் ஜாவா எடிஷன் 1.21.1, அதில் மோட்களை ஏற்றும் கருவி ஃபேப்ரிக். ஓநாய்களை எழுப்பும் கோடு சில வரிகளில் முடிந்துவிட்டது. அதைக் கம்பைல் செய்து கேமுக்குள் கொண்டுவருவதுதான் பெரிய வேலையாக இருந்தது. இதே இடங்களில் இன்னொருவர் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடித்தளமாக எடுத்துக்கொண்டது 1.20.1க்கு எழுதப்பட்ட ஒரு மாதிரி புராஜெக்ட். அதன் கிரேடில் (மோடைக் கட்டித் தரும் பில்ட் கருவி) பிராப்பர்டீஸ் ஃபைலில் கேம், யார்ன் மேப்பிங் (கேமின் கிளாஸ்களுக்குப் படிக்கத்தக்க பெயர் தரும் பட்டியல்), ஃபேப்ரிக் லோடர், ஃபேப்ரிக் ஏபிஐ (மோட்கள் பயன்படுத்தும் பொது லைப்ரரி) என்று நான்கு வெர்ஷன் வரிகள் இருக்கும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விட்டால், எரர் சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து நிற்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும் எண்களை ஃபேப்ரிக் தளமே தருகிறது, அப்படியே காப்பி செய்துகொண்டேன்.

அடுத்து ஜாவா. மைன்கிராஃப்ட் 1.18 முதல் 1.20.4 வரை ஜாவா 17 போதும், 1.20.5இலிருந்து 21 வேண்டும். ஆகவே முதல் பில்டிலேயே, கேமுக்கு 21 தேவை, கிரேடில் 17இல் ஓடுகிறது என்று நின்றுவிட்டது. ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 21 போட்ட பிறகும் அதே எரர்! காரணம், நான் கோடு எழுதும் எடிட்டரான இன்டெலிஜேயில் ஜாவாவைச் சொல்லும் இடம் ஒன்றல்ல. புராஜெக்ட் ஸ்ட்ரக்சரில் இருக்கும் எஸ்டிகே எடிட்டருக்கு. பில்ட் எந்த ஜாவாவில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது செட்டிங்ஸில் கிரேடில் பக்கத்தில் இருக்கும் கிரேடில் ஜேவிஎம். டெர்மினலில் இருந்து ஓட்டினால் இரண்டுமே பேச்சில்லை, அங்கே ஜாவா ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் சொல்வதுதான் நடக்கும். சந்தேகம் வந்தால் கிரேடில்டபிள்யூ கட்டளையோடு இரண்டு ஹைஃபன் வைத்து வெர்ஷன் என்று அடித்துப் பாருங்கள். எந்த ஜாவா என்று நேராகவே காட்டிவிடும்.

எல்லா இடத்திலும் 21 வைத்தேன். இப்போது வேறு எரர்: சப்போர்ட் இல்லாத கிளாஸ் ஃபைல், மேஜர் வெர்ஷன் 65. பார்த்ததும் மிரட்டும் எண். ஆனால் இதில் 44ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன் வந்துவிடும். 65 என்றால் 21, 61 என்றால் 17, 52 என்றால் 8. அதாவது இப்போது பழையதாக நிற்பது ஜாவா அல்ல, ஜாவா 21ஐப் புரிந்துகொள்ளத் தெரியாத கிரேடில். மாதிரி புராஜெக்டோடு வந்தது 8.1. ஜாவா 21இல் ஓடும் திறன் கிரேடிலுக்கு வந்தது 8.5இல்தான். எந்த கிரேடில் வேண்டும் என்று சொல்லும் ராப்பர் பிராப்பர்டீஸ் ஃபைலில் டவுன்லோட் முகவரியில் இருக்கும் எண்ணை மாற்றி, லூம் (கிரேடிலுக்கான ஃபேப்ரிக்கின் பிளக்இன்) வெர்ஷனையும் ஏற்றியதும் பில்ட் அந்த இடத்தைத் தாண்டியது. பழைய டீமன் (கிரேடிலின் புராசஸ்) பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தால் குழப்பம் தொடரலாம், ஸ்டாப் கட்டளை கொடுத்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

அப்புறம் வந்தவை நிஜமான கம்பைலர் எரர்கள். இவை எனக்குப் பிடித்தவை, ஏனென்றால் வரி எண்ணோடு வரும். ஐடென்டிஃபையர் (கேமில் பொருள்களுக்குப் பெயர் தரும் கிளாஸ்) கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட், வெளியிலிருந்து அழைக்க முடியாது என்றது. 1.21இல் அதை மூடிவிட்டார்கள், நியூ போடுவதற்குப் பதில் ஐடென்டிஃபையர்.ஆஃப் என்று அழைக்க வேண்டும். தேடி மாற்றியதும் முடிந்தது.

கேம் திறந்தது. கிரியேட்டிவ் மோடில் விசிலை எடுத்து ஊதினேன், உட்கார்ந்திருந்த ஓநாய்கள் எழுந்து நின்றன! அந்த நிமிடத்தின் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஆனால் கிராஃப்டிங் டேபிளில் விசில் வரவில்லை. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, லாகில் ஒரு வரி கூட இல்லை. இந்த மாதிரி சத்தம் போடாத பிழைதான் ஆளைக் கொல்கிறது. கம்பைலர் ஜாவா கோடைத்தான் பார்க்கும், ரெசிபி போன்றவற்றை எழுதி வைக்கும் ஜேசன் ஃபைல்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பது அதன் கவலை இல்லை. 1.21இல் அவை இருக்கும் டேட்டா பேக் ஃபோல்டர் பெயர்கள் பன்மையிலிருந்து ஒருமைக்கு மாறின. ரெசிபீஸ் இப்போது ரெசிபி, லூட் டேபிள்ஸ் இப்போது லூட் டேபிள். பழைய பெயரில் இருக்கும் ஃபோல்டரை கேம் திறந்தே பார்க்காது. திறக்காத ஃபைலில் என்ன தப்பு இருந்தாலும் அதற்கு எரர் எப்படி வரும்?

பெயரை மாற்றியதும் லாகில் ரெசிபியைப் படிக்க முடியவில்லை என்று எரர் வந்தது. எரரைப் பார்த்து நிம்மதியானது அப்போதுதான், கேம் ஃபைலைப் படிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ரிசல்ட் பகுதியில் ஐட்டம் என்று இருந்த கீ 1.20.5இலிருந்து ஐடி ஆகிவிட்டது. ஒரே சொல் திருத்தம். விசில் டேபிளில் வந்தது.

கையில் எடுத்தால் ஊதாவும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சதுரம். டெக்ஸ்சர் (பொருளின் மேல் வரும் படம்) கிடைக்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. படம் வரைந்த சாஃப்ட்வேர் ஃபைல் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகச் சேமித்திருந்தது. கேம் ஏற்பது சின்ன எழுத்து, எண், அடிக்கோடு, ஹைஃபன், புள்ளி மட்டும்தான். இதற்கு லாகில் தடயம் இருக்கும், தேடிப் பார்க்க வேண்டும்.

கிராஷ் ஆனால் எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு வரி சிவப்பு எழுத்தில் மேலே இருப்பது பெரும்பாலும் 'மோடைத் துவக்க முடியவில்லை' என்ற பொதுப் புலம்பல். கீழே இறங்கி, கடைசியாக வரும் 'காஸ்ட் பை' (Caused by) வரியைப் படியுங்கள், உண்மையான காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும். வழக்கமான லாஞ்சரில் வந்த கிராஷ் என்றால் கிளாஸ் பெயர்கள் எண்களாகத் தெரியும். ஐட்டம் அங்கே கிளாஸ்_1792, ஐடென்டிஃபையர் கிளாஸ்_2960. பில்டின்போது லூம் யார்ன் பெயர்களை இந்த இடைப்பெயர்களாக மாற்றிவிடுவதால் அப்படி, ஜார் ஃபைல் கெட்டுப்போகவில்லை.

சாதாரண லாஞ்சரில் போட்டுப் பார்த்தபோது ஃபேப்ரிக் ஏபிஐ இல்லை என்று நின்றது. டெவலப்மென்ட் சூழலில் அது தானாகவே வந்துவிடும், வெளியே மோட்ஸ் ஃபோல்டரில் நாம்தான் வைக்க வேண்டும். வைத்ததும் ஓடியது.

இன்னும் ஒன்று பாக்கி. தூரத்தில், லோட் ஆகாத சங்கில் (கேம் உலகின் ஒரு துண்டு) உட்கார்ந்திருக்கும் ஓநாய்க்கு விசில் கேட்பதில்லை. சர்வரின் கணக்கில் அந்த ஓநாய் அப்போதைக்கு இல்லவே இல்லை, தேடினாலும் பட்டியலில் வராது. அதனால் ஒவ்வொரு ஓநாயும் கடைசியாக உட்கார்ந்த இடத்தை பெர்சிஸ்டென்ட் ஸ்டேட்டில் (உலகத்தோடு சேர்ந்து சேமிக்கப்படும் தரவு) சேமித்து வைத்து, ஊதும்போது அந்தச் சங்கை மட்டும் லோட் செய்து பார்க்கப் போகிறேன்.