மூன்று பேர் வராத காலை

கோலாலம்பூரில் காலை ஆறரைக்கு இன்னும் இருட்டுதான். தித்திவங்சா ஏரிக்கரையில் பாய்களை விரித்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் புலனத்தில் (வாட்ஸ்அப்) வரிசையாகச் செய்தி விழும்: "கோச், இன்னிக்கு முடியல." ஐந்து பேரில் மூன்று பேர் இல்லை. சொந்தமாக உடற்பயிற்சி வகுப்பு தொடங்குகிறவரின் மனம் தளர்வது பெரும்பாலும் இந்த மாதிரிக் காலையில்தான். இந்தத் தொழிலில் நாங்கள் கற்றதை, புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

ஜிம் பிடித்துப்போய்த்தான் அநேகமாக எல்லாருமே பயிற்றுநர் ஆகிறோம். ஆனால் தான் பளு தூக்கும் ஆசை வேறு, அடுத்தவரின் முழங்கால் வலியைப் பொறுமையாகக் கேட்டு அதற்கேற்ப வகுப்பை மாற்றும் ஆசை வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வரும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. போதாததற்கு, பணம் உள்ளே நுழைந்ததும் முதல் ஆசையும் வாடத் தொடங்கும். 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் மாணவர்களுக்குப் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்கு ஒவ்வொரு புதிருக்கும் காசு கொடுத்தார். பிறகு காசை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்துபோனது. விளையாட்டாகச் செய்தது வேலையாக மாறிவிட்டது.

அதனால் உங்கள் சொந்தப் பயிற்சியை விற்காதீர்கள். வாரத்தில் மூன்று நாள், தலா 45 நிமிடம், வாடிக்கையாளரும் கேமராவும் இல்லாத நேரமாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்குவதற்கு முன்பே அதை நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள்.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னாளில் வகுத்த கோட்பாடு இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது. உள்ளிருந்து வரும் உந்துதலுக்கு மூன்று தீனி வேண்டும்: தன் விருப்பப்படி முடிவெடுப்பது, திறமை வளர்வதை உணர்வது, மனிதர்களோடு ஒட்டுறவு. "எனக்கு மூடே இல்லை" என்று தோன்றினால், இந்த மூன்றில் எது பட்டினி கிடக்கிறது என்று பாருங்கள்.

புதியவர்களிடம் முதலில் பறிபோவது தன் விருப்பம்தான். ஆள் கிடைத்தால் போதும் என்று காலை ஆறுக்குச் செந்தூல், நண்பகலில் பங்சார், இரவு ஒன்பதுக்குப் பூச்சோங் என்று ஒத்துக்கொள்வார்கள். மூன்று மணி நேரச் சம்பளத்துக்கு நாள் முழுக்க நெரிசலில் கிடப்பார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒருவர் வீட்டுக்குப் போய் 80 வெள்ளிக்குப் பயிற்சி தருகிறீர்கள். பெட்ரோல், டோல், பார்க்கிங் 16 வெள்ளி போனால் மிச்சம் 64. வகுப்பு ஒரு மணி நேரம், போய்வர ஒரு மணி நேரம் என்றால் மணிக்கு 32 வெள்ளி. அதே நேரத்தில் உங்கள் தாமான் மண்டபத்தில் ஆறு பேருக்குத் தலா 25 வெள்ளி வாங்கினால் 150. வாடகை 30 போக 120. ஆயத்தத்தோடு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 80 வெள்ளி. ஆகவே வரம்பு போடுங்கள்: ஒரே வட்டாரம், காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 5.30 முதல் 9 வரை, வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. இதற்குள் அடங்காத ஆளை இன்னொரு பயிற்றுநரிடம் அனுப்பிவிடுங்கள். மாலை மழைக்குக் கூரையுள்ள இடம் ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கவேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி வகுப்பு வேண்டாம்.

கட்டணத்தை எட்டு வகுப்புக்கு முன்கூட்டியே வாங்குங்கள், ஆறு வாரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சொல்லுங்கள். 12 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் விட்டால் ஒரு வகுப்பு கழியும் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். அப்படிச் செய்யாததால்தான் அந்த "முடியல" செய்தி அவ்வளவு சுடுகிறது. சொந்தக்காரர்தானே என்று விட்டுக்கொடுத்தால் கோபம் உள்ளே தங்கி, வகுப்பில் முகத்தில் தெரியும். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இல்லாமல் இருக்கிற வேலையை விடாதீர்கள். வீட்டு வாடகைக் கவலையோடு நிற்பவரால் எதிரில் நிற்பவரைக் கவனிக்க முடியாது.

பத்திர வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் பதியவேண்டும். இணையத்தில் அதன் ஈஸிபிஸ் தளம் வழியாகவே முடியும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. வருமான வரிக்குப் படிவம் 'பி', ஜூன் 30-க்குள். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேருங்கள், கணுக்கால் பிசகினால் வருமானமே நின்றுவிடும் தொழில் இது. பொதுப் பூங்காவில் காசு வாங்கி வகுப்பு எடுப்பதற்கு முன் மாநகர் மன்றத்திடம் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது திறமை. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். உங்கள் வகுப்புக்கு வரும் அக்காமார்களில் சிலர் இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்களாக இருப்பார்கள். பயிற்சிக்கு முன் உடல்நிலையை விசாரிக்கும் 'பார்-கியூ பிளஸ்' படிவத்தின் ஏழு பொதுக் கேள்விகளையும் கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். அந்த மருந்து எடுப்பவர் வகுப்புக்கு முன் சர்க்கரை அளவு பார்க்கட்டும். லிட்டருக்கு 5.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும். பையில் எப்போதும் ஓர் இனிப்புப் பானமும் சர்க்கரையும் இருக்கட்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் என்றால் உடனே பயிற்சியை நிறுத்தி அதைக் கொடுக்கவேண்டும், மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்கவேண்டும். செம்பிறைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்சிலோ முதலுதவி, சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்து நிற்கும்போது வரும் தெம்பு, எந்த ஊக்க உரையிலும் வராது.

திறமை வளர்வது கண்ணுக்குத் தெரிய எண்கள் வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மூன்றை மட்டும் எழுதுங்கள்: 30 வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார், இடுப்புச் சுற்றளவு, கே.எல்.சி.சி. பூங்காவின் 1.3 கிலோமீட்டர் ஓட்டப்பாதையை நடக்கும் நேரம். எட்டாக இருந்தது பதினொன்றாகும் அன்று, முகநூலில் எத்தனை விருப்பம் விழுந்தது என்பது மறந்துபோகும்.

ஒட்டுறவு எங்கிருந்து வரும்? "சிக்ஸ் பேக் எடுக்கலாம்" என்று விளம்பரம் போட்டால் நம்மூர் ஆண்டிகள் வரமாட்டார்கள். "என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேளுங்கள். "தைப்பூசத்துக்குப் பத்துமலை 272 படியும் நிக்காம ஏறணும்", "பூசையில தரையில உட்கார்ந்து எழுந்திரிக்கணும்" என்று பதில் வரும். அதை அப்படியே அவரவர் பெயருக்கு நேரே எழுதி, தைப்பூசத்துக்கு 12 வாரம் முன்பே படியேற்றத்தைத் தொடங்குங்கள்: முதலில் ஒரு மாடி, வாரம் இரண்டு நாள், பிறகு மெல்லக் கூட்டலாம். இறங்கும்போதுதான் முழங்கால் நோகும், ஆகவே இறங்குவதற்கும் தனியே பயிற்சி வேண்டும். தீபாவளியை ஒட்டியும் பள்ளி விடுமுறையிலும் ஆள் குறையும். அதைத் தோல்வி என்று எண்ணி நொந்துபோகாமல், முன்கூட்டியே இரண்டு வாரம் வகுப்பை மூடி ஓய்வெடுங்கள்.

உங்களுக்கும் ஆள் வேண்டும். "எப்பப்பா நல்ல வேலைக்குப் போவ?" என்று வீட்டில் கேட்கும் காலம் இது. பக்கத்து வட்டாரப் பயிற்றுநர் இருவரோடு வாரம் ஒருமுறை மாமாக் கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். காய்ச்சல் வந்தால் ஒருவர் வகுப்பை இன்னொருவர் எடுக்கட்டும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். 2010-இல் வெளியான பிலிப்பா லாலியின் ஆய்வில் நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை. ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உடையவில்லை என்பதும் அதில் தெரிந்தது. வராத மூவரும் இன்னும் அந்தப் பாதையில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இருவருக்கான வகுப்பை முந்தின இரவே எழுதி வையுங்கள். 10 நிமிடம் வேக நடை, பிறகு ஒருவர் நாற்காலி எழுச்சி செய்ய மற்றவர் ரப்பர் பட்டை இழுப்பு, 40 வினாடி வேலை, 20 வினாடி ஓய்வு, ஆறு சுற்று. கடைசி 10 நிமிடம் ஏரியைப் பார்த்தபடி தசைத் தளர்வு. ஒன்பது மணிக்கு வராத மூவருக்கும் ஒரே செய்தி: "அக்கா, வியாழக்கிழமை வர்றீங்களா, சனிக்கிழமையா?"