மரத்துக்கு என்ன ஆகும்? ஒரு நிதி விண்ணப்பம் தேறிய கதை

ஒரு மலை மரத்தில் மருந்துச் சேர்மம் பற்றி ஆராய நிதி கேட்டு 2016ல் நாங்கள் அனுப்பிய முதல் விண்ணப்பம் தேறவில்லை. மதிப்பீட்டாளரிடமிருந்து வந்த குறிப்புகளில் ஒன்று மட்டும் மனதில் தைத்துவிட்டது: "சேர்மம் பலன் தந்தால், அந்த மரத்துக்கு என்ன ஆகும்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மரத்தைக் காப்பது பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தோம், அவ்வளவுதான்.

மரத்தின் பெயர் நோத்தபோடைட்டஸ். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது, பூவில் கெட்ட வாடை வீசும். இதில் கேம்ப்டோதெசின் என்ற சேர்மம் இருக்கிறது. 1966ல் அமெரிக்காவில் வால், வானி என்ற இரு வேதியியலாளர்கள் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தெடுத்தது அது. டோப்போடெக்கான், இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்துகள் அதிலிருந்து பிறந்தவை. நம் மலை மரத்திலும் அது உண்டு என்பதை 1972ல் வெளியிட்டவர்கள் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். அப்புறம் நடந்ததுதான் வேதனை. ஏற்றுமதிக்காக மரத்தை வேரோடு சாய்த்தார்கள், மகாராஷ்டிரப் பக்கம் நிறையவே.

இரண்டாம் முறை கேள்வியையே மாற்றினோம். இந்த மரத்தின் திசுவுக்குள் சில பூஞ்சைகள் குடியிருக்கின்றன. அவற்றில் சில, அதே சேர்மத்தைத் தாங்களும் உண்டாக்குவதாக ஆய்வுகள் வந்திருந்தன. ஆனால் மரத்திலிருந்து பிரித்து ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் அந்தத் திறன் குறைந்துபோகிறது. அப்படியானால் மரம் காட்டில் நிற்கவேண்டியது மருந்துக்கே தேவை. இதைத்தான் முதல் பக்கத்தில் எழுதினோம். எங்கெங்கே எத்தனை மரம் மிச்சம் என்ற கணக்கெடுப்புக்கும் நாற்றங்காலுக்கும் செலவுத் திட்டத்தில் தனி வரி போட்டோம்.

வழிகாட்டியாக வைத்துக்கொண்டது அமெரிக்காவின் பழைய ஐசிபிஜி (சர்வதேசக் கூட்டுப் பல்லுயிர்க் குழுக்கள்) திட்டம். மருந்து தேடல், காடு காத்தல், உள்ளூர் மக்களின் வாழ்வு மூன்றுக்கும் சேர்த்தே பணம் தந்த திட்டம் அது, முதல் மானியங்கள் 1993ல். பனாமாவில் பெரும்பாலான ஆய்வை உள்ளூர் ஆய்வகங்களிலேயே செய்தார்கள். ஆனால் அதே திட்டத்தின் கீழ் மெக்சிகோவின் சியாபாஸில் தொடங்கிய பணி, பூர்வகுடி மருத்துவர்களின் அமைப்புகள் எதிர்த்ததால் 2001ல் நின்றுபோனது. உள்ளூர் மக்களின் சம்மதத்தை முதலில் வாங்கவேண்டும் என்று அதைப் படித்த அன்றே முடிவு செய்தோம்.

இலை சேகரிக்கும் அனுமதி விஷயத்தில் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். கூட்டு ஆராய்ச்சிக்கு 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று நினைத்தேன். உண்டுதான், ஆனால் அரசு நிறுவனங்களோ அரசு ஆதரவுள்ளவையோ நடத்தி, அரசு ஒப்புதல் பெற்ற திட்டங்களுக்கு மட்டும். எங்களுடையது தனியார் கல்லூரி, பணமோ வெளிநாட்டு அறக்கட்டளையுடையது. ஆகவே எங்களோடு ஆய்வில் சேர்ந்த ஜெர்மன் கூட்டாளி பெயரில் படிவம் 1 என்ற அனுமதி விண்ணப்பம், அப்போது கட்டணம் 10,000 ரூபாய், தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு. என்ன உயிரினம், எந்த இடம், எத்தனை கிராம் என்று எல்லாம் கேட்கும் படிவம் அது. சேகரிப்பால் பல்லுயிருக்கு ஆபத்து உண்டா என்றும் ஒரு கேள்வி. முதல் மதிப்பீட்டாளர் கேட்டதேதான். இந்த முறை எழுத விஷயம் இருந்தது.

சேகரிக்கும் இடம் புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை அனுமதி தனி. அந்தப் பக்கம் கூட்டாளியின் சட்டப் பிரிவு, காப்புரிமை முழுவதும் தங்களுக்கே என்று வரைவு அனுப்பியது. அதை மாற்ற எட்டு மாதம் மின்னஞ்சலிலேயே போராடினோம். அதுவே மிகக் களைப்பான பகுதி, அதைப் பற்றி விரித்துச் சொல்ல எதுவுமில்லை.

சொல்லவேண்டியது மலையில் நடந்த கூட்டம் பற்றி. காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில். தமிழில் அச்சடித்த நான்கு பக்கத்தை நான் வாசித்தேன். அவர்கள் தலைவரான மூட்டுக்காணி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "சார், மலைக்கு அந்தப் பக்கம் எங்க சொந்தக்காரங்க ஆராய்ச்சி பண்ண வந்தவங்களுக்கு ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டினாங்க. அவங்களுக்குப் பங்கு வந்துச்சுன்னு தெரியும். எங்களுக்கு என்ன எழுதியிருக்கீங்க?" அவர் சொன்னது சரியே. அந்தச் செடியிலிருந்து உருவான ஜீவனி மருந்துக்கான உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி கேரளக் காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997ல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. எங்கள் தாளில் 'நியாயமான பங்கு' என்று மட்டும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து பேனாவால் திருத்தினோம். நாற்றங்கால் வேலைக்குக் கூலி முதல் ஆண்டிலிருந்தே. சேர்மம் வணிகத்துக்குப் போனால் பங்கு விகிதத்தை அவர்கள் கையெழுத்தில்லாமல் முடிவு செய்வதில்லை.

பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருத்தி இன்னொன்று கேட்டார்: "இலை பறிக்கும்போது நானும் வருவேன். எம் பேரையும் எழுதுவியா?"

அனுமதி ஒப்பந்தம் கைக்கு வந்து, மழை ஓய்ந்த ஒரு காலையில் போனோம். ஒரு மரத்துக்குப் பத்து இலைதான் கணக்கு. கத்தரியை அந்தப் பாட்டி வாங்கிக்கொண்டார். காம்பைப் பார்த்து, முற்றின இலையை விட்டு நடுத்தர இலையாகத் தேர்ந்து வெட்டினார். நான் ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் கட்டினேன். ஆய்வகத்தில் இலையைத் துண்டு துண்டாக்கி, ஆல்கஹாலில் முக்கி, பூஞ்சை வளர்க்கும் அகார் தட்டில் வைத்தோம். சில நாளில் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் கிளம்பியது.

உலர்த்திய கிளையை ஒட்டிவைக்கும் ஹெர்பேரியம் தாளில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் இரண்டு பெயர். முதலில் இருப்பது பாட்டியுடையது.